பல் எக்ஸ்ரே: ஒரே படத்தில் சரியாக அமைய நாம் செய்ய வேண்டியவை

(நமது டிரஸ்டின் மாதாந்திர நல்வாழ்வுக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பல் எக்ஸ்ரே. "இதில் பேச என்ன இருக்கிறது, டாக்டர் எடுக்கிறார், நாம் காட்டுகிறோம்" என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பல் மருத்துவ முகாம்களில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பல்வலி என்று வருவார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவோம்" என்பார். அந்த வார்த்தை வந்ததும் சிலர் எழுந்துவிடுவார்கள். "மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்கள், போதும்" என்பார்கள். கதிர் பட்டால் கெடுதல் என்று ஒரு பயம். செலவு என்று ஒரு தயக்கம். முக்காட்டை விலக்க வேண்டும், கருகமணியைக் கழற்ற வேண்டும் என்று பெண்களுக்கு ஒரு கூச்சம். இந்த மூன்றும் சேர்ந்து மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

அதன் பின் என்ன நடக்கும்? மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்குவார்கள். வலி அடங்கும். வேருக்கு அடியில் சீழ் அடங்காது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பிடித்த சீழ் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுப் பாதையையே நெருக்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் போகும். பல்வலி என்று ஆரம்பித்தது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்கும்.

நான் மருத்துவன் அல்லன். நம் முகாமுக்கு வரும் பல் மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். நல்ல பல் எக்ஸ்ரே அமைவதில் பாதி மெஷினுக்கும் டாக்டருக்கும் உரியது. மீதிப் பாதி, நாற்காலியில் நாம் எப்படி உட்காருகிறோம், எப்படிக் கடிக்கிறோம், எப்படி அசையாமல் இருக்கிறோம் என்பதில் இருக்கிறது. அது சரியாக இருந்தால் ஒரே படத்தில் வேலை முடியும். தவறினால் மறுபடியும் எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது கதிரும் இரண்டாவது செலவும் தேவையில்லாதவை. அவற்றைத் தவிர்ப்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாதது எது?

வாயைத் திறந்தால் தெரிவது பல்லின் தலைப்பகுதி மட்டும். வேர் முழுவதும் எலும்புக்குள் இருக்கிறது. மரத்தைப் பார்த்து இலை வாடுகிறது என்று சொல்லலாம். வேரில் என்ன என்று மண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாது. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் விழுந்த சொத்தை, வேர் நுனியில் கட்டிய சீழ், ஈறு நோயால் கரைந்துபோன தாடை எலும்பு, வெளியே வர முடியாமல் சாய்ந்து படுத்திருக்கும் ஞானப்பல், பால்பல்லுக்கு அடியில் நிரந்தரப் பல் இருக்கிறதா இல்லையா என்பது, இவையெல்லாம் எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

அதே சமயம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அது ஒரு நிழற்படம். மிக ஆரம்ப நிலைச் சொத்தை அதில் தெரியாமல் போகலாம். அதனால்தான் டாக்டர் வாயைப் பார்த்து, தட்டிப் பார்த்து, கேள்வி கேட்ட பிறகு எக்ஸ்ரேக்குப் போகிறார்.

டாக்டர் ஏன் தள்ளிப் போகிறார்?

"கெடுதல் இல்லையென்றால் பட்டனை அமுக்கும்போது டாக்டர் ஏன் வெளியே ஓடுகிறார்?" நம் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த ரோன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், அதே நாட்டுப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தம் சொந்தப் பற்களைப் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி வாயில் வைத்துக்கொண்டு 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். இன்று அதே படம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எடுக்கப்படுகிறது.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர், பல் எக்ஸ்ரேயை அந்நாட்டில் பரப்பிய முன்னோடி. ஒவ்வொரு நோயாளிக்கும் படம் எடுக்கும் முன் தம் கையையே கதிருக்குள் நீட்டி மெஷினைச் சரிபார்ப்பார். ஃபிலிமையும் தாமே பிடிப்பார். ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்ததில் கையில் புற்றுநோய் வந்தது. விரல்களை எடுத்தார்கள், பிறகு கையை எடுத்தார்கள். 1928இல் அவர் மறைந்தார்.

கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். நோயாளிக்குக் கதிர் படுவது எப்போதோ ஒருமுறை. டாக்டரும் உதவியாளரும் அந்த அறையில் வருடம் முழுவதும் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சிறிதளவு பட்டாலும் சேர்ந்துவிடும். அதனால்தான் கதிர் போகும் பாதையை விட்டு விலகி, குறைந்தது 6 அடி தள்ளியோ, தடுப்புக்குப் பின்னாலோ நிற்க வேண்டும் என்பது விதி. ஃபிலிமை அவர்கள் ஒருபோதும் கையால் பிடிக்கக் கூடாது என்பதும் விதி. நமக்கு ஆபத்து என்பதால் அவர் ஓடவில்லை. தம் தொழிலின் ஒழுங்கைக் காக்கிறார்.

அளவையும் தெரிந்துகொள்வோம். மண்ணிலிருந்தும், காற்றிலிருந்தும், வானத்திலிருந்தும் நாம் அனைவரும் இயற்கையாகவே கதிர் பெறுகிறோம். உலக சராசரி ஆண்டுக்கு சுமார் 2,400 மைக்ரோ சீவர்ட். நாளொன்றுக்கு 6 அல்லது 7. ஓரிரு பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயில் பொதுவாக 1 முதல் 8 மைக்ரோ சீவர்ட். அதாவது, ஏறக்குறைய ஒரு நாள் சும்மா வீட்டில் இருந்தால் கிடைப்பது. முழு வாயையும் காட்டும் ஓ.பி.ஜி. என்ற பெரிய படத்துக்குச் சில நாள் அளவு. முப்பரிமாண சி.டி. வகைப் படத்துக்கு இவற்றைவிடப் பல மடங்கு. ஆகவே அதைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் எடுக்க வேண்டும். அளவு சிறியது என்பதற்காக வீணாக எடுக்கலாம் என்பதும் இல்லை. சிறியதாக இருந்தாலும் வீண் வீண்தான்.

நிழல் கணக்கு

வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயின் சூட்சுமம் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம்தான். கடிகாரம் வரும் முன் அஸர் நேரத்தை நம் முன்னோர்கள் எப்படிப் பார்த்தார்கள்? வெயிலில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலை அளந்தார்கள். மதரஸாவில் ஓதிய எவருக்கும் இந்தப் பாடம் மறக்காது. சூரியன் உச்சியில் இருந்தால் நிழல் குட்டை. சூரியன் தாழ்ந்தால் நிழல் நீளம். சூரியன் சரி பாதிச் சாய்வில் நிற்கும்போது நிழலின் நீளமும் குச்சியின் நீளமும் சமம்.

பல் எக்ஸ்ரேயும் இதேதான். பல்தான் குச்சி. வாய்க்குள் வைக்கும் ஃபிலிம்தான் தரை. மெஷினின் குழாய்தான் சூரியன். குழாயைத் தேவைக்கு மேல் சாய்த்து, உச்சி வெயில் போல இறக்கினால் படத்தில் பல் குட்டையாக விழும். சாய்வு போதாமல், சாயங்கால வெயில் போலக் கிடையாகப் பிடித்தால் பல் நீண்டு விழும். வேர் நுனி ஃபிலிமுக்கு வெளியே போய்விடும். சீழ் இருப்பதே அந்த நுனியில்தான். அது தெரியாத படம் இருந்தும் பயனில்லை.

இதற்கு இரண்டு முறைகள் இருக்கின்றன. பழைய முறையில் ஃபிலிம் பல்லோடு சாய்ந்து ஒட்டி நிற்கும். பல்லுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள கோணத்தை டாக்டர் மனதுக்குள் இரண்டாகப் பிரித்து, அந்த நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகக் குழாயை வைப்பார். போலந்தைச் சேர்ந்த சீஷின்ஸ்கி 1907இல் வகுத்துச் சொன்ன கணக்கு இது. நம் குச்சி நிழல் கணக்கும் இதுவும் ஒன்றே. இதில் தலை கொஞ்சம் அசைந்தாலும் கோணம் மாறிவிடும். புதிய முறையில் ஃபிலிமை ஒரு பிளாஸ்டிக் பிடிப்பானில் செருகி, பல்லுக்கு இணையாக, நேராக நிறுத்துவார்கள். பிடிப்பானின் கட்டையை நாம் கடித்துக்கொள்வோம். வெளியே நீட்டியிருக்கும் வளையம் குழாய்க்கு வழி காட்டும். படம் உள்ளபடி விழும், தவறும் குறையும். பிடிப்பான் வாயில் கொஞ்சம் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைத் தட்டிவிட வேண்டாம். அந்த இடைஞ்சல்தான் இரண்டாவது எக்ஸ்ரேயிலிருந்து நம்மைக் காக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்ததும்

முதலில், மூக்குக் கண்ணாடி, கழற்றி மாட்டும் பல்செட், பல்லில் போட்ட கழற்றக்கூடிய கம்பி ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். முதுகும் தலையும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருக்கட்டும். தலை இடம் வலம் சாயாமல் நேராக இருக்க வேண்டும்.

மேல் பல்லுக்குப் படம் என்றால், மூக்கின் ஓரத்திலிருந்து காதுத் துவாரம் வரை ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நேராக எதிரில் உள்ள சுவரைப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். கீழ்ப் பல்லுக்கு என்றால், வாயைத் திறந்தவுடன் கீழ்த்தாடை இறங்கிவிடும்; எனவே தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கச் சொல்வார்கள். கீழ்ப் பற்களின் வரிசை தரைக்கு இணையாக வருவதற்காகத்தான் அது. டாக்டர் தலையைச் சரி செய்து வைத்த பிறகு, "என்ன செய்கிறார்" என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. அலைபேசி அடித்தாலும் எடுக்கக் கூடாது. நம் மக்களிடம் அதிகம் நடப்பது இந்த இரண்டும்தான்.

ஃபிலிம் உள்ளே வரும்போது நாக்கால் தள்ளாதீர்கள். கீழ்ப் பல் பக்கம் வைக்கும்போது நாக்கைத் தளர்த்தி விட்டால் அடிப்பகுதி இளகும், குத்தாது. மெதுவாகக் கடியுங்கள். கம்ப்யூட்டரில் படம் காட்டும் சென்சார் என்றால் அது கனமாக, விறைப்பாக இருக்கும். அதையோ அதன் வயரையோ கடித்துவிடக் கூடாது, கட்டையை மட்டும் கடிக்க வேண்டும். சென்சாருக்கு ஒவ்வொருவருக்கும் புதிய பிளாஸ்டிக் உறை போட வேண்டும். உறை புதிதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சில இடங்களில், "விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பழைய பழக்கம். விரலுக்கும் கதிர் படும். அழுத்திப் பிடித்தால் ஃபிலிம் வளைந்து படமும் வளையும். "பிடிப்பான் இருந்தால் அதில் வைக்க முடியுமா டாக்டர்?" என்று பணிவோடு கேளுங்கள்.

கடைசிப் பல்லுக்கு வைக்கும்போது சிலருக்குக் குமட்டும். அவர்களுக்குச் சில வழிகள் உண்டு. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முன் பற்களில் ஆரம்பித்துப் பின்னால் போவார். மூக்கால் ஆழமாக மூச்சு விடுங்கள். ஒரு காலை லேசாகத் தூக்கிப் பிடியுங்கள், அல்லது கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருங்கள்; கவனம் அங்கே போனால் தொண்டை அடங்கும். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பதும் பலருக்கு உதவுகிறது. அதற்கும் அடங்கவில்லை என்றால் மரத்துப்போகும் ஸ்ப்ரே இருக்கிறது. அதற்கும் முடியாதவர்களுக்கு வெளியிலிருந்தே எடுக்கும் ஓ.பி.ஜி. இருக்கிறது.

குழந்தைகள் விஷயம்

பிள்ளைகளுக்குச் சிறிய ஃபிலிம் தனியாக உண்டு. பெரியவர்களுக்கான ஃபிலிம் 31 மில்லிமீட்டர் அகலம், 41 மில்லிமீட்டர் நீளம். குழந்தைகளுக்கானது 22க்கு 35. பல் இடுக்குச் சொத்தையைப் பார்க்க, ஒரு சிறு இறக்கையைக் கடிக்க வைத்து மேல் கீழ் பற்களை ஒரே படத்தில் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான்.

வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். சுத்தமான ஐஸ் குச்சியைக் கடைவாயில் கடித்துக்கொண்டு பத்து எண்ணும் வரை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும். "ஊசி போட மாட்டார்கள்" என்று சொல்லாதீர்கள். ஊசி என்ற பேச்சையே பிள்ளை அப்போதுதான் நினைக்கும். "போட்டோ எடுக்கப் போகிறார்கள்" என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அத்தாவோ, நன்னியோ ஈய உடை போட்டுக்கொண்டு பிடிக்கலாம். கர்ப்பமாக இருக்கும் தாய் பிடிக்கக் கூடாது.

ஓ.பி.ஜி.யில் நிற்கும்போது

இது முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டுவது. வாய்க்குள் எதுவும் வைக்க மாட்டார்கள். நாம் நிற்போம், மெஷின் தலையைச் சுற்றி வரும். சுமார் 10 முதல் 20 விநாடி ஆகும். மெஷின் ஒரு வளைவான பாதையில் உள்ளதை மட்டும் தெளிவாகப் பிடிக்கும். பல் வரிசை அந்தப் பாதையில் நின்றால் தெளிவு. முன்னே பின்னே போனால் மங்கல்.

முன் பற்களால் ஒரு சிறு கட்டையின் பள்ளத்தில் கடிக்கச் சொல்வார்கள். பள்ளத்துக்கு முன்னால் கடித்தால் முன் பற்கள் ஒல்லியாகத் தெரியும். பின்னால் கடித்தால் அகலமாகத் தெரியும். தாடையை அதிகம் தாழ்த்தினால் பல் வரிசை சிரிப்பது போல வளையும். தூக்கினால் அழுவது போல வளையும். தலை ஒரு பக்கம் திரும்பினால் ஒரு பக்கப் பல் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் விழும். இவை எதுவும் நோய் அல்ல, நின்ற விதம்தான்.

இன்னும் இரண்டு. முதலாவது, நாக்கு. நாக்கு கீழே கிடந்தால் அதற்கும் அண்ணத்துக்கும் நடுவே உள்ள காற்று, படத்தில் கறுப்புப் பட்டையாக விழுந்து மேல் பற்களின் வேரை மறைக்கும். உதட்டை மூடி, எச்சிலை ஒருமுறை விழுங்குங்கள். விழுங்கும்போது நாக்கு தானாக மேல் அண்ணத்தில் போய் ஒட்டும். அதை அங்கேயே வைத்திருங்கள். இரண்டாவது, முதுகு. கூனி நின்றால் கழுத்தெலும்பின் நிழல் முன் பற்களின் மேல் வெள்ளைத் தூண் போல விழும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை அரையடி முன்னே வைத்து, கழுத்தை நீட்டி நில்லுங்கள். வயதானவர்களுக்கு நிற்க முடியாவிட்டால் உட்கார வைத்து எடுக்கும் வசதி பல இடங்களில் உண்டு, கேளுங்கள்.

நம் பெண்களுக்கு

தாய்மார்களே, இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். ஓ.பி.ஜி. எடுக்கும்போது தோடு, கம்மல், மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி, கருகமணி, கொண்டை ஊசி, ஹிஜாபில் குத்திய பின் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உலோகம் இருந்த இடத்தை மட்டும் மறைக்காது. வலக் காதில் உள்ள தோடு, படத்தில் இடப் பக்கம், கொஞ்சம் மேலே, மங்கலான பேய் நிழலாக இன்னொரு முறை விழும். அந்த நிழல் எதன் மேல் விழுகிறதோ அது தெரியாது. ஒரு மூக்குத்திக்காகப் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டி வரும்.

துணி எக்ஸ்ரேக்குத் தடை இல்லை. தடை, அதில் உள்ள ஊசியும் கனமான வேலைப்பாடும், மெஷினில் சிக்கும் தொங்கலும்தான். எனவே எக்ஸ்ரே எடுக்கப் போகும் நாளில் ஊசி தேவைப்படாத, தலையோடு ஒட்டும் மெல்லிய பருத்தித் தொப்பி வகை ஹிஜாபை உள்ளே அணிந்து போங்கள். வெளி முக்காட்டை மட்டும் அந்த அரை நிமிடத்துக்கு விலக்கினால் போதும். பெண் உதவியாளர் இருக்கிறாரா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அம்மாவோ, மாமியோ, கணவரோ கதவருகே, தடுப்புக்குப் பின்னால் நிற்கலாம். நகைகளைக் கழற்றி வைக்கக் கைப்பையில் ஒரு சிறு டப்பா கொண்டு போங்கள். அல்லது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கர்ப்பிணிகள் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருந்தாலும் சொல்ல வேண்டும். அவசரமில்லாத படத்தை டாக்டர் தள்ளி வைப்பார். ஆனால் சீழ், வீக்கம், தாங்க முடியாத வலி என்றால், தேவையான பல் எக்ஸ்ரேயைக் கர்ப்ப காலத்திலும் எடுக்கலாம் என்பதே பல் மருத்துவ அமைப்புகளும் மகப்பேறு மருத்துவ அமைப்புகளும் சொல்வது. கதிர் போவது தாடைக்கு, வயிற்றுக்கு அல்ல. தாயின் உடலில் சீழை வைத்துக்கொண்டு பத்து மாதம் காத்திருப்பதே பெரிய ஆபத்து.

ஈய உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்களில் மார்பை மறைக்கும் ஈய உடை கொடுக்கிறார்கள், கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல், இந்த உடையும் கழுத்துப் பட்டையும் இனி வழக்கமாகத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. கதிரைச் சிறிய இடத்துக்குள் அடக்குவதும், நோயாளியைச் சரியாக உட்கார வைப்பதுமே உண்மையான பாதுகாப்பு என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஓ.பி.ஜி.யில் கழுத்துப் பட்டை போட்டால் படமே மறைந்துவிடும் என்பதால் அங்கே அதைப் போட மாட்டார்கள். போடவில்லையே என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

ரமலானில் நோன்பு வைத்தவர்களுக்கு, எக்ஸ்ரே கதிர் உணவும் அல்ல, மருந்தும் அல்ல. ஆனாலும் வாயில் ஃபிலிம் வைத்தால் எச்சில் ஊறும், குமட்டும், ஸ்ப்ரே அடிக்க நேரலாம். அவசரமில்லை என்றால் இஃப்தாருக்குப் பிறகு நேரம் கேட்டு வாங்குங்கள். அவசரம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். சட்டத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படம் எப்போது நியாயம்?

"ஒரு பல்லுக்கு மூன்று எக்ஸ்ரே எடுத்துக் காசு பிடுங்குகிறார்கள்" என்ற பேச்சையும் கேட்கிறோம். எல்லா இரண்டாவது படமும் தவறு அல்ல. வேர் சிகிச்சையில் ஆரம்பத்தில் ஒன்று, கருவி வேரின் நுனி வரை போயிருக்கிறதா என்று பார்க்க ஒன்று, அடைத்து முடித்ததைப் பார்க்க ஒன்று, ஆக மூன்றாவது வழக்கமாகத் தேவைப்படும். எலும்புக்குள் சிக்கிய கோரைப்பல் உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா என்று அறிய, குழாயை நகர்த்தி இரு கோணத்தில் இரு படம் எடுப்பார்கள். குழாய் நகர்ந்த திசையிலேயே பல் நகர்ந்து தெரிந்தால் அது நாக்குப் பக்கம். எதிர்த் திசையில் நகர்ந்தால் உதட்டுப் பக்கம். இவையெல்லாம் காரணத்தோடு எடுப்பவை.

அசைந்ததால், நகையால், வளைந்த ஃபிலிமால் திரும்ப எடுப்பது வேறு. ஆகவே, "இந்தப் படம் எதற்கு டாக்டர், முன் எடுத்ததில் என்ன தெரியவில்லை?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் படத்தைக் காட்டி விளக்குவார். சந்தேகப்படும் தொனியில் கேட்க வேண்டாம். தெரிந்துகொள்ளும் தொனியில் கேட்டால் போதும். நம் நாட்டில் எக்ஸ்ரே மெஷின்களுக்கு மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

எடுத்த படத்தைப் பத்திரப்படுத்துங்கள். உறையின் மேல் பெயர், தேதி, எந்தப் பக்கப் பல் என்று எழுதுங்கள். ஃபிலிமை மடிக்காதீர்கள், விரல் ரேகை படாமல் ஓரத்தில் பிடியுங்கள். கம்ப்யூட்டர் படம் என்றால் அலைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்குங்கள். வேறு டாக்டரிடம் போகும்போது முதலில் பழைய படத்தைக் காட்டுங்கள். பல சமயம் புதிய படமே தேவைப்படாது.

முடிவாக

போகும் முன் உலோகம் எதுவும் முகத்திலும் கழுத்திலும் வேண்டாம். உட்கார்ந்தால் தலை நேராக, பார்வை எதிரே. கடித்தால் மெதுவாக, கட்டையின் மேல். ஓ.பி.ஜி. என்றால் உதடு மூடி, நாக்கு மேலே, முதுகு நிமிர்ந்து. "முடிந்தது" என்று சொல்லும் வரை அசைவு இல்லை. கர்ப்பமா, குமட்டலா, பழைய படம் இருக்கிறதா என்பதை நாமே முந்திச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். இதை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வராத நன்னிமார்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

செலவுதான் தடை என்று இருப்பவர்கள் வெட்கப்படாமல் டிரஸ்ட் அலுவலகத்தில் டாக்டரின் சீட்டைக் கொடுங்கள். யாருடைய பெயரும் வெளியே போகாது. பெண்களுக்கு உடன் வர ஆள் இல்லையென்றாலும் சொல்லுங்கள். நம் மகளிர் குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கூட வருவார், இன்ஷா அல்லாஹ்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் ஒரு பல்லும் சேர்ந்ததுதான். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.